தானே எறிந்து தானே பிடித்த ஈனாக் ப்ராட்டி

பூமியில் உண்மை என்ற ஒன்று குற்றுயிராகவாவது மிச்சமிருக்கிறதென்றால், அதற்காக மனித இனம் ஓஹையோ மாநிலத்து வென்ட்லிங் ஊருக்குத்தான் கைகூப்ப வேண்டும். அங்கே தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடுகிறது ‘தொல் பேஸ்பால் ஆய்வுக் கழகம்’. நீதிமன்றம் தவறலாம், பாதிரியார் தவறலாம், பஞ்சாங்கம்கூடத் தவறலாம். கழகம் தவறாது. 1884-இல் மழை தூறிய ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில், இரண்டாம் தளத்தைக் காத்து நின்றவர் கோட்டைவிட்ட பந்துகள் ஐந்தா ஆறா என்ற விவகாரத்தில் கழகத்தின் உறுப்பினர்கள் இருவர் வருடக்கணக்காக முகம் பார்த்துப் பேசுவதில்லை. இருவரும் அண்ணன் தம்பி. தாயாரின் சவ அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டை ஒருவரும் கால்மாட்டை ஒருவரும் பிடித்துக்கொண்டு, ‘ஐந்து’, ‘ஆறு’ என்று முணுமுணுத்தபடியேதான் கல்லறைவரை நடந்தார்கள். சத்தியத்தின் மேல் அப்படி ஒரு வெறி அந்த ஊருக்கு.

கழகத் தலைவர் ஆர்வில் டன்ஸ்டன் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்று நாற்பது வருடங்களுக்கு முந்தைய மட்டையாளர் எவரைச் சொன்னாலும் அவருடைய அடி சராசரியை மூன்றாம் தசமம்வரை ஒப்பிப்பார். ‘பேத்தி எந்த வகுப்பு படிக்கிறாள்?’ என்று கேட்டால், ‘அது நம்பகமான தரவு இல்லாத துறை’ என்பார். செயலாளர் லீலண்ட் ஃப்ரிட்ச் பல் மருத்துவர். வாயில் துளைகருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளியிடம் வினாடி வினா நடத்துவார். பதில் வராவிட்டால் ஊரின் அறியாமையை நினைத்து இன்னும் கொஞ்சம் ஆழமாகத் துளைப்பார்.

இவர்கள் வழிபட்ட தெய்வத்தின் பெயர் ஈனாக் ப்ராட்டி. வீச்சாளர். 1890-களில் ஒரே ஆட்டத்தில் பதினேழு பேரை, ஆளுக்கு மூன்று பந்தில் திணறடித்து வீட்டுக்கு அனுப்பியவர். அவருக்கு இடது காதில் பாதிதான் உண்டு. மீதிப் பாதியைக் கடித்தது நாய் என்று ஒரு சிந்தனைப் பள்ளியும், குதிரை என்று ஒரு சிந்தனைப் பள்ளியும், மனைவி என்று தலைமறைவாக இயங்கும் மூன்றாவது பள்ளியும் இருந்தன. 1897 ஜூலையில் தன் புகழ்பெற்ற மீசையை ஈனாக் ஏன் மழித்தார் என்பது கழகத்தின் வினாடி வினாவில் ஆண்டுதோறும் இடம்பெறும் கேள்வி. ‘தாயை இழந்த துயரால்’ என்பதே அதிகாரபூர்வ விடை. அதைச் சொல்லும்போது எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும்.

இத்தனை ஞான வெளிச்சத்திலும் கண் கூசாமல் இருந்த ஒரே ஜீவன் ஜோலீன் ஹட்ச்கோ. கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள். ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் பெண்கள் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி கொடுத்தாள். அணிக்கு மைதானம் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையின் பின்னால் சரிவான ஒரு புல்வெளியில் ஆடினார்கள். அடித்த பந்து தானாக உருண்டு சாக்கடையில் போய் விழும். அதை எடுக்க இறங்கிய பெண்ணுக்குப் போன மாதம் கணுக்கால் முறிந்தது. உடனே மாவட்ட லீக் எச்சரிக்கை விடுத்தது: மாத முடிவுக்குள் ஒழுங்கான மைதானம் காட்டாவிட்டால் அணியின் பெயர் நீக்கப்படும்.

மைதானமா இல்லை வென்ட்லிங்கில்? கம்பி வேலிக்குள், பட்டு விரித்ததுபோல் புல் வளர்த்து, ப்ராட்டி நினைவு மைதானம் சும்மாதான் கிடந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆகஸ்டில், கழகத்தார் அந்தக் காலத்துத் தொளதொளக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், ‘பழைய விதிகளின்படி’ அங்கே ஆடுவார்கள். மற்ற நாட்களில் வீங்கிய விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

ஜோலீன் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஏம்மா ஜோலீன், எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா நகர மன்றம் விதி போட்டு வச்சிருக்கே. கழகத்தோட பதிவுல ஏறின அணிங்கதான் உள்ள கால் வைக்கலாம்.”

“அப்ப எங்களைப் பதிவுல ஏத்துங்க.”

“ஏத்தணும்னா அந்த மைதானத்துல ஆடியிருக்கணும்.”

“ஆட விடுங்க.”

“பதிவுல இல்லாதவங்களை எப்படிம்மா விடறது?”

“சார், நீங்க சொல்றது உங்களுக்கே கேக்குதா?”

“கேக்குது. விதி வட்டமா இருந்தாத்தான் ஓட்டை இல்லாம இருக்கும்.” ஆர்வில் கனிவோடு அவள் தோளைத் தட்டினார். “பொம்பளைப் பிள்ளைங்க அங்க ஆடினதா ஒரு முன்னுதாரணம் காட்டு. ஒண்ணே ஒண்ணு. அடுத்த நிமிசம் கதவைத் தொறந்து விடறேன்.”

கழகத்துக்கு அப்போது இதைவிடப் பெரிய துக்கம் இருந்தது. பக்கத்து ஊர் லோடனிலும் ஒரு கழகம் உண்டு. அவர்களுக்கும் ஒரு தெய்வம் உண்டு. அது இருபது பேரை அவுட்டாக்கிய தெய்வம். லோடன்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் ‘20’ என்று கருங்கல்லில் செதுக்கி, இரவிலும் தெரிய விளக்குப் போட்டிருந்தார்கள். வென்ட்லிங்வாசிகள் அந்தப் பாதையில் காரோட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இரண்டு விபத்துகள் நடந்தன.

இந்த அவமானத்தைத் துடைத்தவர் டாக்டர் லீலண்ட். எங்கோ ஒரு பழைய செய்தித்தாளின் ஒரு மூலையில் இரண்டே வரி கண்டெடுத்தார்: ‘வென்ட்லிங் மைதானம், 1897 ஜூலை. ப்ராட்டி, இருபத்தொரு பேரை வெளியேற்றினார்.’ அந்தக் காலத்து ஆட்டச் செய்திகள் அவ்வளவுதான். குடும்பப் பெயரும் எண்ணும். லீலண்ட் தன் மருத்துவமனையில் பாதிப் பல் பிடுங்கிய நோயாளியை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் ஓடினார். இருபத்தொன்று! கல்தச்சருக்கு அன்று மாலையே முன்பணம் போயிற்று. லோடன் கல்லைவிட ஒரு முழம் உயரமாக.

ஆண்டு விருந்துக்கு லோடன் கழகத் தலைவர் வில்பர் நெஸ் வயிற்றெரிச்சலோடு அழைக்கப்பட்டார்; அதாவது எரியப்போவது அவர் வயிறு. உருளைக்கிழங்கு மசியலின்மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிப் பரிமாறும் வேலையை ஜோலீனின் அணி ஏற்றிருந்தது. பந்து வாங்கக் காசு வேண்டுமே. ‘விளையாட்டில் பெண்களின் பங்கு’ என்று ஆர்வில் அதை மேடையில் பாராட்டினார்.

பாராட்டி முடித்ததும் சுவரை மறைத்திருந்த திரையை இழுத்தார். ஏலத்தில் எடுத்த பழைய புகைப்படம், சுவரளவு பெரிதாக்கப்பட்டிருந்தது. கீழே அந்தக் காலத்து மையிலேயே ‘இருபத்தொரு அவுட் நாள்’ என்று எழுதியிருந்தது. படத்தில் ஒன்பது பெண்கள் மட்டையும் கையுமாக வரிசையாக நின்றார்கள்.

“மாவீரரை வாழ்த்த வந்திருந்த உள்ளூர்ச் சீமாட்டிகள்” என்றார் ஆர்வில், குரல் தழுதழுக்க.

வில்பர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “சீமாட்டிங்க கையில மட்டை எதுக்குங்க?”

“வீரருக்குப் பரிசு குடுக்க.”

“ஆளுக்கொண்ணா?”

“அந்தக் காலத்துப் பொம்பளைங்க தாராள மனசுக்காரங்க.”

“அந்தக் கடைசி அம்மா மூஞ்சியில கம்பிக் கூண்டு மாட்டியிருக்காங்களே?”

“கொசு” என்றார் டாக்டர் லீலண்ட்.

“சரி, ப்ராட்டி எங்க?”

“அடக்கமான மனுசன். ஒதுங்கி நின்னிருப்பார்.”

அப்போதுதான் மார்னி குழம்புக் கிண்ணத்தோடு படத்தின் பக்கம் போனாள். மார்னி, அணியின் கேட்சர்; மட்டையாளருக்குப் பின்னால் முகத்தில் கூண்டு மாட்டிக் குத்தவைத்து, வீச்சாளர் எறிவதையெல்லாம் பிடிக்கிற பெண். பதினேழு வயது. எதையும் மனதுக்குள் சொல்லிப் பழகாத வாய்.

“கோச், இந்த நடுவுல நிக்கிற அக்காவுக்குப் பாதிக் காதுதான் இருக்கு.”

கூடத்தில் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றது.

“எந்தக் காது?” என்றார் அண்ணன் உறுப்பினர்.

“இடது” என்றார் தம்பி உறுப்பினர். அண்ணன் தலையாட்டினார்.

முதன்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போனதை உணர்ந்ததும் வெட்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நடுவில் நின்ற ‘அக்கா’வுக்கு நீளச் சுருள்முடி. அதில் ஒரு கொத்து நெற்றிக்கு மேலே கொஞ்சம் நகர்ந்திருந்தது, தொப்பி நழுவியதுபோல. மேலுதடு அப்போதுதான் மழித்த வெளுப்போடு இருந்தது. ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆண்களோடு மோதிய பெண்கள் அணிகள் அந்தக் காலத்தில் இருந்ததும், சில அணிகள் ஒன்றிரண்டு ஆண்களுக்கு விக் மாட்டிக் கூடவே ஓட்டிக்கொண்டு போனதும் கழகத்தார் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. தெரியாத சங்கதி இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்த சங்கதி.

“ஆத்தா செத்த துக்கத்துல மீசையை எடுத்தவன்,” வில்பருக்கு மூச்சு முட்டியது, “பாவாடையை எந்தத் துக்கத்துல கட்டினான்?”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. முதுகைத் தட்ட வென்ட்லிங்கில் ஒரு கைகூட நீளவில்லை. தானாகத் தேறிக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார்:

“எதிரணி யாரு? ஊரான் ஊருக்கு வர்ற பொம்பளை அணி உள்ளூர் ஆம்பிளைங்களோடதானே ஆடும்? அப்ப அந்த இருபத்தொரு பேரும் உங்க பாட்டன், பூட்டனுங்க!”

ஆர்வில் மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வென்ட்லிங் அணியின் நட்சத்திர மட்டையாளர். குடும்பப் பெருமை.

ஜோலீன் மட்டும் அப்படியே நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ராட்டியைப் பார்க்கவில்லை. கடைசியில் நின்ற கூண்டுக்காரியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. மார்னியின் விரல்களும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தன.

“சார், முன்னுதாரணம் கேட்டீங்களே. சுவர் நிறைய இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்த கையோடு, அவசரக் கூட்டம். ஜோலீனுக்குப் பேச்சுரிமை இல்லாத பார்வையாளர் நாற்காலி ஒன்று ‘வழங்கப்பட்டது’. விவாதப் பொருள் மிக நுட்பமானது. பெண்கள் அணியின் ஆட்டம் செல்லாது என்றால் இருபத்தொன்று போய்விடும், லோடன்காரன் சிரிப்பான், கல் வேறு பாதி செதுக்கியாயிற்று. செல்லும் என்றால் பெண்கள் அணி பதிவில் ஏறிவிடும்; ஏறினால் ஜோலீனின் பெண்கள் மைதானத்துப் புல்லை மிதிப்பார்கள். கழகம் கடவுளை வேண்டியது. கடவுள் பல் மருத்துவரின் உருவில் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“ஆட்டம் செல்லும்,” என்றார் லீலண்ட், “ப்ராட்டி அளவுக்கு.”

“அப்படின்னா?”

“ப்ராட்டி ஆடினது ஆட்டம். மத்த எட்டுப் பேர் நின்னது, சும்மா நின்னது.”

கழகம் இந்த நுட்பத்தை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தது. இனித்தது. கைகள் உயரத் தொடங்கின. ஜோலீன் பேச்சுரிமை இல்லாமலே பேசினாள்.

“டாக்டர், மூணாவது பந்தை கேட்சர் பிடிக்கலைன்னா என்ன ஆகும்?”

“மட்டையாளர் ஓடலாம்மா. பிடிச்சாத்தானே அவுட்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“1897-லயும் அதே விதிதானா?”

“அதே விதிதான்” என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகச் சொல்லின. அறிவு முந்திக்கொள்ளும், அதற்கு முன்யோசனை கிடையாது.

“அப்ப கூண்டு மாட்டின அந்த அம்மா சும்மா நின்னாங்கன்னா, பந்தை யார் பிடிச்சா? யாரும் பிடிக்கலைன்னா ஒருத்தரும் அவுட் இல்ல. ஒருத்தரும் அவுட் இல்லன்னா ஆட்டம் முடியல. இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. உங்க கொள்ளுத்தாத்தா இன்னும் ஓடிக்கிட்டே இருக்கார் சார்.”

ஆர்வில் தன்னையறியாமல் ஜன்னல் வழியே மைதானத்தின் பக்கம் பார்த்தார்.

இவர்கள் பொய் சொல்லலாம். விதியை மீற மாட்டார்கள். அதுதான் இவர்களுடைய கற்பு. அண்ணன் உறுப்பினர் விரல் விட்டு ஏதோ எண்ணினார். தம்பி உறுப்பினர் மேற்கூரையைப் பார்த்தார்.

மறுபடி லீலண்ட்தான் எழுந்தார். இப்போது அவர் முகத்தில், வேரோடு பல் வந்துவிட்ட நிம்மதி தெரிந்தது.

“ப்ராட்டியே பிடிச்சார்.”

“யார் எறிஞ்சதை?” என்றாள் ஜோலீன்.

“அவர் எறிஞ்சதைத்தான்.”

“எறிஞ்சிட்டு…?”

“ஓடிப்போய்.”

“பந்துக்கு முன்னாடியா?”

“அந்தக் காலத்துல பந்து கொஞ்சம் மெதுவாத்தான் போகும்மா. ஆளுங்க கொஞ்சம் வேகம்.”

“அறுபதடி, டாக்டர். பந்தை முந்திக்கிட்டு ஓடி, மட்டையாளரைச் சுத்திப் போயி, பின்னால குத்தவச்சு…”

“அதனாலதான் அவர் மாவீரர்!” ஆர்வில் மேசையைக் குத்தினார். கண்கள் பனித்திருந்தன. “இத்தனை வருசமா இது நமக்குத் தெரியாமப் போச்சே! தானே எறிஞ்சு தானே பிடிச்ச ஒரே ஆளு! லோடன்காரன்கிட்ட இருக்கா இப்படி ஒருத்தன்?”

இல்லை. உலகத்திலேயே இல்லை. கழகம் எழுந்து நின்று கைதட்டியது. தீர்மானம் இவ்வாறு இயற்றப்பட்டது: ‘ஈனாக் ப்ராட்டி அவர்கள் தன்னந்தனியாக எறிந்தும் பிடித்தும் இருபத்தொரு பேரை வெளியேற்றியதால், ஆண் ஒருவராவது இடம்பெற்ற அணி அணியாகவே கருதப்படும்; அதன் ஆட்டம் ஆட்டமாகவே கருதப்படும்; உடன் நின்றோர் உடன் நின்றோராகவே கருதப்படுவர்.’

ஜோலீன் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அது நல்ல சிரிப்பு இல்லை.

“ஒரு ஆம்பிளை இருந்தாப் போதுமா சார்?”

“தாராளமா.”

“எந்த ஆம்பிளைன்னாலும்?”

“பாகுபாடு பாக்க மாட்டோம்மா. கழகத்துக்கு எல்லாரும் சமம்.”

“விக் வைக்கணுமா?”

ஆர்வில் லீலண்டைப் பார்த்தார். லீலண்ட் யோசித்தார். “முன்னுதாரணத்தை அட்சரம் பிசகாமப் பின்பத்தறதுதான் முறை. வச்சே ஆகணும்.”

ஜோலீனுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். டுவேன் ரூசினெக். லாரி மெக்கானிக், ஒரு முழங்கால் வேலை செய்யாது, மற்றது வேலை செய்வதுபோல் நடிக்கும். அவள் போனபோது வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெளியே வரவில்லை. கேள்விகள் மட்டும் வந்தன.

“உக்காந்துக்கலாமா?”

“உக்காந்தே இருக்கலாம் மாமா.”

“சூரியகாந்தி விதை கொறிக்கலாமா?”

“மூட்டையே வாங்கித் தர்றேன்.”

“விக் அரிக்குமா?”

“அரிக்கும்.”

“உன் அத்தைகிட்ட என்ன சொல்றது?”

“கழகம் கௌரவிக்குதுன்னு சொல்லுங்க.”

வண்டிக்கு அடியிலிருந்து பெருமூச்சு வந்தது. “சரி, குடு. முடி கொட்டினதுக்கு இப்பவாவது ஒரு வழி பொறந்துச்சே.”

கழகத்தின் பதிவுக்கு டுவேன் ‘வீரர்’. லீக்கின் ஏட்டுக்கு அவர் தண்ணீர் கொடுப்பவர். கம்பி வேலி திறந்தது. பெண்கள் உள்ளே ஓடினார்கள். சரிவில்லாத தரையில் ஓடிப் பழக்கமில்லாததால் முதல் நாள் நாலு பேர் தடுக்கி விழுந்தார்கள். டுவேன் பொன்னிற விக்கோடு பெஞ்சில் உட்கார்ந்து விதை கொறித்தார். ஜோலீன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, வெகுநாளைக்குப் பிறகு, யாரையும் திட்டாமல் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தாள்.

முதல் ஆட்டத்தில் வென்ட்லிங் வென்றது. மார்னி மட்டும் மூன்று முறை நல்ல அடி அடித்தாள். மைதானத்தின் காவலர் என்ற முறையில் டாக்டர் லீலண்டே நிழலில் மேசை போட்டு உட்கார்ந்து, எலுமிச்சைச் சாறு பருகியபடி பென்சிலால் குறித்துக்கொண்டார். கழகத்தின் பதிவு சனிக்கிழமைதோறும் ஊர்ப் பத்திரிகையில் வரும். வந்தது.

‘வென்ட்லிங், ஒன்பது ஓட்டங்கள். ஒன்பதும்: டுவேன் ரூசினெக். பந்து எறிந்தவர்: டுவேன் ரூசினெக். பிடித்தவர்: டுவேன் ரூசினெக்.’

ஜோலீன் பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பல் மருத்துவமனைக்குப் போனாள்.

“டாக்டர், அவர் எந்திரிக்கவே இல்லையே.”

“ஒத்துக்கறேன்.”

“அவருக்கு ஆட்டமே தெரியாது. நாலாவது சுத்துல தூங்கிட்டார். குறட்டை உங்களுக்கும் கேட்டுச்சு.”

“நல்லாவே கேட்டுச்சும்மா. ஆனா பதிவுல ஏறின ஆளு அவர் ஒருத்தர்தானே? மத்தவங்க உடன் நின்றோர். நீயே ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டியே.”

கேட்டிருந்தாள். கதவைத் திறக்கும் சாவியாக மட்டும் அதைக் கேட்டிருந்தாள். உள்ளே போனவர்களை வெளியிலிருந்து பூட்டவும் அதே சாவி போதும் என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை பயிற்சியில் மார்னி கேட்டாள்: “கோச், பேப்பர்ல என் பேரு எங்க?”

“மைதானம் கெடச்சிருக்குல்ல? மொதல்ல ஆடுங்க. பேரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

சொல்லும்போதே அந்த வாக்கியத்தின் வாடை ஜோலீனுக்குத் தெரிந்தது. இதே வாக்கியத்தை யார் யாருக்கோ யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கோடை வளர்ந்தது. அணி அடுத்தடுத்து வென்றது. டுவேன் ரூசினெக் உலக வரலாறு காணாத பருவம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். ஜூலையில் ஒரே நாளில் அவர் ஊரின் அத்தனை பழைய சாதனைகளையும் முறியடித்தார். அன்றைக்கு முழுவதும் அவருக்கு வயிற்றுப்போக்கு, மைதானத்துக்கே வரவில்லை, விக்கை மட்டும் அனுப்பியிருந்தார். விக் பெஞ்சில் இருந்ததால் ஆட்டம் செல்லும் என்று லீலண்ட் தீர்ப்பளித்தார். வினாடி வினாவில் டுவேனைப் பற்றி மூன்று கேள்விகள் சேர்ந்தன. அவர் எந்தக் காலில் நொண்டுகிறார் என்பதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் தோன்றின. தம்பி உறுப்பினர் அவரிடம் கையெழுத்து வாங்க வந்தபோது டுவேன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அந்தப் பிள்ளைங்கதான்” என்றார். ‘தன்னடக்கம்: ப்ராட்டிக்கு நிகர்’ என்று மறுநாள் பதிவாயிற்று.

பருவத்தின் கடைசி ஆட்டம் லோடன் பெண்கள் அணியோடு. ஊரே வந்திருந்தது. கடைசிச் சுற்று, இரண்டு பேர் அவுட், ஓட்டங்கள் சமம். மார்னி மட்டையோடு போய் நின்றாள். இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டாள். மூன்றாவதை அடித்தாள்.

அந்தச் சத்தத்தை வென்ட்லிங் நெடுநாள் கேட்டதில்லை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே ஏறி, வேலியைத் தாண்டி, வேலிக்கு அப்பால் நிழலில் போட்டிருந்த டாக்டர் லீலண்டின் மேசைமேல் விழுந்து, எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையை நொறுக்கி, அவர் மடியில் உருண்டது. கூட்டம் எழுந்து கத்தியது. டுவேன் விக்கைக் கழற்றி வானத்தில் வீசினார். மார்னி நான்கு தளத்தையும் சுற்றி வந்து, நிற்காமல் வேலிக்கு வெளியேயும் ஓடி, லீலண்டின் மேசை முன்னால் போய் மூச்சிரைக்க நின்றாள். ஜோலீனும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“டாக்டர்,” என்றாள் ஜோலீன், “இவளுக்குப் பால்பல் முளைச்ச நாள்லேர்ந்து நீங்கதான் பல் பாக்கறீங்க. ஆள் தெரியாம இல்ல. பந்து உங்க மடியில கெடக்கு. யார் அடிச்சது?”

லீலண்டின் சட்டையெல்லாம் எலுமிச்சைச் சாறு. அவர் பந்தை எடுத்துப் பார்த்தார். பிறகு மார்னியைப் பார்த்தார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

“என் ஆயுசுல இப்படி ஒரு அடியைப் பாத்ததில்லம்மா மார்னி” என்றார். மனதாரச் சொன்னார். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, அவளுக்குக் கைகூடக் கொடுத்தார்.

பிறகு உட்கார்ந்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, நனையாத இடமாகப் பார்த்து எழுதினார்: ‘டுவேன் ரூசினெக்.’

அந்தக் கூண்டுக்காரியின் பெயர் காலவெள்ளத்தில் கரைந்துவிட்டது என்றுதான் ஜோலீன் அதுவரை நினைத்திருந்தாள். பாவம், காலத்தின் மேல் வீண்பழி. காலம் ஒரு பெயரையும் தொடவில்லை. அன்றைக்கும் இப்படி ஒரு நல்ல மனிதர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் பிடித்த இருபத்தொரு பந்துக்கும் கண் கலங்கக் கைதட்டிவிட்டுத்தான் பென்சிலை எடுத்திருப்பார்.